கால் வேண்டாம், வோல்டேஜ் போதும்

நான் தரையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன். சம்மணம் போட்டு, முன்னால் ஒரு கோரைப்பாய், பாய் மேல் சின்ன சிந்தசைசர், அதற்கு வலப்பக்கம் டிலே பெடல் (சத்தத்தைக் கொஞ்சம் தாமதித்துத் திருப்பிச் சொல்வது), இடப்பக்கம் ரிவெர்ப் பெடல் (பெரிய கூடத்தில் கேட்பது போல முழங்கவைப்பது). இந்தப் பெடல்கள் எல்லாம் நின்றுகொண்டு கிட்டார் வாசிப்பவருக்காகச் செய்தவை. காலால் மிதிப்பதால்தான் பெடல் என்றே பெயர். என் இரண்டு காலும் மடங்கி எனக்குக் கீழே கிடக்கின்றன. அந்தக் காலுக்குப் பதில் சிந்தசைசரின் வோல்டேஜையே மிதிக்கவைத்த கதை இது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு எக்ஸ்ப்ரஷன் பெடல் வாங்கினேன். பழைய தையல் மிஷின் மிதி மாதிரி இருக்கும். முன்னால் அழுத்தினால் டிலேயின் நேரம் நீளும், பின்னால் சாய்த்தால் குறையும். முழங்காலால் அழுத்திப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போனது. கையால் அழுத்தினால் கீபோர்டில் ஒரு கை குறைகிறது. மெதுவாக, ஒரே சீராக, அரை நிமிடம் எடுத்துக்கொண்டு ஒரு திருகைத் திருப்ப எந்தக் கையாலும் முடியாது. நடுவில் எங்கேயாவது ஒரு குலுக்கல் வந்துவிடும், அது காதில் விழும்.

இதெல்லாம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். எனக்குக் காரைக்குடி செக்காலை ரோட்டுப் பக்கம் யூபிஎஸ், இன்வெர்ட்டர் பழுது பார்க்கும் வேலை. என் அப்பா கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்காரர்கள் சென்னையில். பொங்கலுக்கும், ஏதாவது படைப்பு, விசேஷம் என்றாலும் வருவார்கள். மற்ற நாளில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் பூட்டித்தான் கிடக்கும். வாரம் ஒருமுறை திறந்து, கூட்டி, ஆத்தங்குடிக் கல்லைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பது எங்கள் வீட்டு வேலை. சின்ன வயதிலிருந்து நானும் கூடப் போவேன். அந்த வீட்டுப் போஜன ஹாலில் கை தட்டினால் இன்னொருவர் எதிர்ச் சுவரிலிருந்து கை தட்டுவார். நான் முதலில் கேட்ட டிலே பெடல் அந்த ஹால்தான்.

போன சித்திரையில் டேப் வைத்து அளந்தேன். நான் உட்காரும் இடத்திலிருந்து கடைசிச் சுவர் ஏறக்குறைய பதினேழரை மீட்டர். சத்தம் போய்த் திரும்ப 35 மீட்டர். நம் ஊர் வெயிலில் சத்தம் ஒரு செகண்டுக்கு 350 மீட்டர் போகும். ஆக, கை தட்டினால் 100 மில்லி செகண்டில் திரும்பி வருகிறது. டிலே பெடலை 100 மில்லி செகண்டில் வைத்தேன், ஹாலும் பெடலும் ஒரே சமயத்தில் பதில் சொன்னார்கள். அங்கேதான் ஆசை வந்தது. இந்தச் சுவர் மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்து போய், பிறகு மெல்லத் திரும்பி வந்தால் எப்படிக் கேட்கும்?

சிந்தசைசருக்குள்ளேயே அதற்கு ஆள் இருக்கிறது. எல்.எஃப்.ஓ. என்பார்கள். வேறொன்றும் செய்யாது, ஒரு வோல்டேஜை மேலே ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். என்னுடையதை ஆக மெதுவாக வைத்தால் ஒரு ஏற்றமும் ஒரு இறக்கமும் முடிய 40 செகண்ட். கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தது. அந்த வோல்டேஜ் வெளியே வர ஒரு இ.பி. ஜாக் (3.5 மில்லி மீட்டர், ஹெட்போன் ஜாக் அளவு) இருக்கிறது. அதைப் பெடலின் எக்ஸ்ப்ரஷன் ஜாக்கில் செருகிவிட்டால் போதுமே என்று தோன்றும். அப்படியே செருகிவிடக் கூடாது. ஏன் என்பதுதான் இந்தப் பதிவு.

எக்ஸ்ப்ரஷன் பெடலைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒரு வால்யூம் கண்ட்ரோல், பெரும்பாலும் 10 கே, அதாவது பத்தாயிரம் ஓம். அதற்கு மூன்று கால். ஒரு ஓரக்காலுக்கு எஃபெக்ட் பெடலிலிருந்து வோல்டேஜ் வருகிறது. இன்னொரு ஓரக்கால் கிரவுண்ட். நடுக்காலில் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு வோல்டேஜ், நாம் எவ்வளவு மிதித்திருக்கிறோமோ அவ்வளவு. இந்த மூன்று காலும் ஒரு பி 38 (கால் இஞ்ச்) ஸ்டீரியோ ஜாக்கின் டிப் (முனை), ரிங் (நடு வளையம்), ஸ்லீவ் (அடிப்பாகம்) என்ற மூன்று பாகத்தில் போய் உட்காருகின்றன. எஃபெக்ட் பெடலுக்குள் இருக்கும் சிப், நடுக்காலின் வோல்டேஜை மட்டும்தான் படிக்கிறது. மிதித்தது யார், மிதித்தார்களா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அது கேட்பது வோல்டேஜைத்தான். இது எனக்கு உறைத்த அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாள் கடையில் மல்டிமீட்டரை எடுத்து அளந்தேன். வெறும் ஸ்டீரியோ பின் ஒன்றைச் செருகி, மறுமுனையில் மூன்று ஒயரையும் தனித்தனியாக விட்டால் அளப்பது சுலபம். என் டிலே பெடலில் ரிங்குக்கும் ஸ்லீவுக்கும் நடுவில் 3.3 வோல்ட். சில பெடலில் 5 வோல்ட் இருக்கும். அப்புறம் ரிங்குக்கும் ஸ்லீவுக்கும் குறுக்கே ஒரு 10 கே ரெசிஸ்டரை வைத்து மறுபடி அளந்தேன். 3.0 வோல்டாக இறங்கியது. அப்படியென்றால் பெடலுக்குள்ளே அந்த ஒயரில் 1 கே ரெசிஸ்டர் ஒன்று வரிசையில் இருக்கிறது என்று அர்த்தம். யாராவது தவறுதலாக ஷார்ட் செய்தாலும் 3.3 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாது. செய்தவர்கள் யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

எல்லாரும் அப்படி யோசிப்பதில்லை. என் பழைய ரிவெர்ப் பெடல் ஒன்று, இப்போது பாய் மேல் இருப்பது அல்ல, கைமாறி வந்தது, எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். அதில் நான் சாதாரண மோனோ ஒயரைச் செருகினேன். மோனோ பின்னில் ரிங் என்ற தனிப் பாகம் கிடையாது, அந்த இடமும் ஸ்லீவின் நீட்சிதான். ஆகவே ஸ்டீரியோ சாக்கெட்டில் மோனோ பின்னைச் செருகினால் ரிங்கும் கிரவுண்டும் ஒட்டிக்கொள்ளும். செருகிய நொடியில் பெடலின் விளக்கெல்லாம் அணைந்து, மறுபடி எரிந்து, மறுபடி அணைந்தது. உள்ளே திறந்து பார்த்தபோது சிப்புக்குப் போகும் அதே 3.3 வோல்ட் லைன், நடுவில் ஒரு ரெசிஸ்டர்கூட இல்லாமல் நேராக ரிங்குக்கு வந்திருந்தது. பின்னை உருவியதும் பெடல் பிழைத்துக்கொண்டது. அன்றிலிருந்து என் பையில் எக்ஸ்ப்ரஷனுக்கான ஒயர்களுக்கு மட்டும் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன். மோனோ ஒயர் அந்த ஜாக் பக்கமே போகாது.

இன்னொன்று, எந்தக் கால் எங்கே என்பது எல்லாக் கம்பெனியிலும் ஒன்றல்ல. ரோலண்ட் பாணியில் நடுக்கால் டிப்பில், வோல்டேஜ் ரிங்கில். யமஹா பாணியில் வோல்டேஜ் டிப்பில், நடுக்கால் ரிங்கில். தலைகீழ். இது தெரியாமல் சிந்தசைசர் ஒயரை டிப்பில் கொடுத்தால், யமஹா பாணிப் பெடலில் இரண்டு வோல்டேஜ் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும். அதனால் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல் மீட்டரை வையுங்கள். எந்தப் பாகத்தில் நிலையான வோல்டேஜ் நிற்கிறதோ அது ஓரக்கால். இன்னொன்று நடுக்கால்.

சரி, இனி சிந்தசைசர் பக்கம். என் எல்.எஃப்.ஓ. கொடுப்பது -5 வோல்டிலிருந்து +5 வோல்ட் வரை. என்வலப், அதாவது கீயை அழுத்தியதும் ஏறிப் பிறகு அடங்கும் வோல்டேஜ், 0விலிருந்து 8 வரை. தனித்தனிப் பாகங்களை ஒயரால் இணைத்து வாசிக்கும் மாடுலர் சிந்தசைசர் உலகத்தில் இதெல்லாம் சாதாரணம். டோப்ஃபர் கம்பெனி 1995இல் ஏ-100 கொண்டுவந்ததிலிருந்து பரவிய முறையில் சப்ளையே +12, -12 வோல்ட். ஆனால் பெடலுக்குள் இருக்கும் சிப் 3.3 வோல்டில் வாழ்வது. இப்படிப்பட்ட சிப்களின் பின் பொதுவாகத் தாங்குவது, கிரவுண்டுக்குக் கீழே 0.3 வோல்ட், சப்ளைக்கு மேலே 0.3 வோல்ட், அவ்வளவுதான். அதில் போய் மைனஸ் 5 வோல்டைக் கொடுத்தால்? ஒருமுறை நான் கொடுத்திருக்கிறேன், அதே பழைய ரிவெர்ப் பெடலில். ஸ்டீரியோ ஒயரில் ரிங்கை வெட்டிவிட்டு, டிப்பில் எல்.எஃப்.ஓ.வை நேராக விட்டேன். பத்து நிமிடம் அருமையாக வேலை செய்தது. பிறகு எக்ஸ்ப்ரஷன் ஜாக் மட்டும் செத்துப்போனது. சத்தம் இன்றும் வருகிறது, திருகுகள் வேலை செய்கின்றன, அந்த ஒரு பின் மட்டும் இல்லை. ரொம்ப நாள் வருத்தமாக இருந்தது. நல்ல பெடல்.

இதற்கு மருந்து மூன்று ரெசிஸ்டர்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு. பெடல் ரிங்கில் நமக்காக 3.3 வோல்டை வைத்துக்கொண்டு நிற்கிறது. அதை ஏன் சும்மா விட வேண்டும்? சிந்தசைசரின் வோல்டேஜை 15 கே வழியாக டிப்புக்குக் கொண்டுவாருங்கள். ரிங்கின் 3.3 வோல்டை 10 கே வழியாக அதே டிப்புக்குக் கொண்டுவாருங்கள். அதே டிப்பிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 30 கே. மூன்றும் சந்திக்கிற புள்ளியில் இழுபறி நடக்கிறது. எல்.எஃப்.ஓ. -5க்கு இறங்கும்போது கீழே இழுக்கிறது, ரிங் மேலே இழுக்கிறது. 15 கே வழியாகப் போகும் 5 வோல்டும் 10 கே வழியாக வரும் 3.3 வோல்டும் ஆம்பியர் கணக்கில் சமம், இரண்டும் 0.33 மில்லி ஆம்பியர். ஒன்றை ஒன்று தின்றுவிடும். டிப்பில் பூஜ்யம். எல்.எஃப்.ஓ. +5க்கு ஏறும்போது இருவரும் ஒரே பக்கம் இழுக்கிறார்கள், கிரவுண்டுக்குப் போகும் 30 கே அதை அளவோடு நிறுத்துகிறது. டிப்பில் 3.3 வோல்ட். பெடல் கேட்டது அதுதான், ஒரு இம்மி கூடவுமில்லை, குறையவுமில்லை. தனி சப்ளை வேண்டாம், ஐசி வேண்டாம். சிந்தசைசர் ஏதாவது தவறு செய்தாலும் நடுவில் 15 கே நிற்கிறது.

காரைக்குடியில் 30 கே கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. 15 கே இரண்டை வரிசையாகப் பற்றவைத்தால் 30 ஆகிவிட்டது. ரிங் பக்கத்து 10 கேயில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெடலுக்குள்ளேயே 1 கே இருப்பதை அளந்தோம் அல்லவா, ஆகவே நாம் வைக்க வேண்டியது 9 கேதான். 8.2 கேயும் 820 ஓமும் சேர்த்தேன். நீல உடம்புக்காரன், ஒரு சதவீத ரெசிஸ்டராகவே பார்த்து வாங்கினேன். ஐந்து ரெசிஸ்டர், ஒரு இ.பி. சாக்கெட், ஒரு பி 38 ஸ்டீரியோ சாக்கெட். எல்லாவற்றையும் கரண்ட் வேலைக்கு வாங்கும் சின்ன பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸுக்குள் வைத்து மூடினேன். பெடலில் செருகும் முன் ஒரு பேட்டரி டப்பாவை வைத்து ரிங் இடத்தில் மூன்று சொச்சம் வோல்ட் கொடுத்து, சிந்தசைசரை ஓடவிட்டு, டிப்பில் மீட்டரை வைத்துப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தேன். 0.0, 0.4, 1.1, ஏறி 3.2, 3.3, மறுபடி இறக்கம். மைனஸ் குறி ஒரு கணம் வந்து போனது, -0.02. அது ஒன்றும் செய்யாது.

உங்கள் பெடலில் ரிங் 5 வோல்ட் என்றால் இன்னும் சுலபம். சமமான இரண்டு ரெசிஸ்டர் போதும், டிப்பில் நிற்பது இரண்டின் சராசரி. -5க்கும் 5க்கும் சராசரி பூஜ்யம், +5க்கும் 5க்கும் சராசரி 5. கிரவுண்டுக்கு ரெசிஸ்டரே வேண்டாம்.

என்வலப்புக்கு வேறு பெட்டி. அது மைனஸுக்குப் போகாது, ஆகவே ரிங்கைத் தொடாமல் விட்டுவிட்டு, 15 கேயும் 10 கேயும் வைத்துப் பிரித்தால் 8 வோல்ட் 3.2 ஆகிவிடும். ரிங்கை வெட்டித் தொங்கவிடுவதுதான் முக்கியம், கிரவுண்டில் சேர்க்கக் கூடாது.

இந்த யோசனை எனக்கு மட்டும் வந்ததல்ல. ராபர்ட் மூக் 1964இல் வோல்டேஜால் ஆட்டுவிக்கும் சிந்தசைசரைச் செய்து காட்டியவர். அவரே 1998இல் மூகர்ஃபூகர் என்ற பெடல் வரிசையைக் கொண்டுவந்தார். கிட்டார்காரர் தரையில் வைத்து மிதிக்கும் பெடல்தான், ஆனால் முக்கியமான ஒவ்வொரு திருகுக்கும் பின்பக்கம் ஒரு ஜாக். அதில் எக்ஸ்ப்ரஷன் பெடலையும் செருகலாம், சிந்தசைசர் வோல்டேஜையும் செருகலாம். இரண்டும் ஒன்றுதான் என்று அவருக்குத் தெரியும், அவர்தானே அந்த உலகத்தையே கட்டியவர். அந்த வரிசை 2018இல் நின்றுபோனது. இன்று கைமாறி வருவதன் விலையைப் பார்த்தால் எனக்கு எட்டாது. இப்போதும் சில கம்பெனிகள் எக்ஸ்ப்ரஷன் ஜாக்கிலேயே சி.வி. (கண்ட்ரோல் வோல்டேஜ், இப்படி ஆட்டுவிக்கும் வோல்டேஜ்) கொடுக்கலாம் என்று வெளிப்படையாக எழுதுகிறார்கள், எம்ப்ரஸ் மாதிரி. அப்படி எழுதியிருந்தால் எத்தனை வோல்ட் வரை என்றும் பக்கத்திலேயே இருக்கும். அதைப் படித்துவிட்டுச் செருகுங்கள்.

ரெசிஸ்டர் மட்டும் போதாது, பெடலுக்கு முழுப் பாதுகாப்பு வேண்டும் என்றால் எம்சிபி6002 என்ற சின்ன ஐசி இருக்கிறது. அதை உங்கள் பெடலின் ரிங்கில் இருக்கும் அதே வோல்டேஜில், 3.3 என்றால் 3.3இல், 5 என்றால் 5இல் ஓட்டினால் அதன் அவுட்புட் 0க்குக் கீழேயும் போகாது, அந்த வோல்டேஜுக்கு மேலேயும் போகாது. நீங்கள் என்ன கொடுத்தாலும் சரி. இன்புட்டில் 100 கே வைத்துவிட்டால் ஐசியும் தப்பிக்கும். இதற்காகப் பல்லவனைப் பிடித்து ரிச்சி தெருவுக்குப் போனபோது பத்து வாங்கி வந்தேன். அதில் ஒன்று கடையில் ஓடுகிறது. ஆனால் கானாடுகாத்தானுக்கு எடுத்துப்போவது அந்த ஐந்து ரெசிஸ்டர் பெட்டியைத்தான். அதற்கு சப்ளை வேண்டாம் என்பதே பெரிய காரியம்.

அடுத்த தொந்தரவு ஹம். சிந்தசைசருக்கு ஒரு அடாப்டர், பெடலுக்கு வேறொரு 9 வோல்ட் அடாப்டர். சத்த ஒயர் ஏற்கெனவே இரண்டு கிரவுண்டையும் சேர்த்திருக்கிறது. இப்போது சி.வி. ஒயர் இரண்டாவது பாதையாகவும் சேர்க்கிறது. வளையம் உருவாகிவிட்டது. கரண்ட் இருக்கும்போது லேசான உறுமல்தான். கரண்ட் போய் அந்த வீட்டு இன்வெர்ட்டருக்கு மாறியதும் உறுமல் இரைச்சலாகிவிட்டது. பழைய இன்வெர்ட்டர், சைன் அலையை ஒழுங்காகக் கொடுக்காத வகை. இது என் பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் விடவில்லை.

ஒரு எல்.இ.டி.யையும் ஒரு எல்.டி.ஆரையும் முகத்துக்கு முகம் வைத்து, கறுப்பு ஹீட் ஷ்ரிங்க் குழாயில் நுழைத்துச் சூடு காட்டி மூடினேன். சிந்தசைசர் எல்.இ.டி.யை எரியவைக்கிறது. எல்.டி.ஆர். வெளிச்சத்துக்கேற்பத் தன் ரெசிஸ்டன்ஸை மாற்றுகிறது. பெடலுக்கு அது எக்ஸ்ப்ரஷன் பெடலின் ஒரு பாதி மாதிரிதான் தெரியும். ரிங்குக்கும் டிப்புக்கும் நடுவில் எல்.டி.ஆர்., டிப்புக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 10 கே. இரண்டு கருவிக்கும் நடுவில் ஒயர் தொடர்பே இல்லை, வெளிச்சம் மட்டும். இரண்டாவது பாதை போய்விட்டதால் இரைச்சலும் அடங்கியது. குறை என்னவென்றால் சிவப்பு எல்.இ.டி. ஏறக்குறைய 1.8 வோல்ட் வந்த பிறகுதான் எரியத் தொடங்கும், அதற்குக் கீழே எல்லாம் இருட்டுதான். எல்.டி.ஆர். வெளிச்சத்துக்குச் சட்டென்று விழிக்கும், இருட்டுக்கு மெதுவாகத்தான் தூங்கும். அளவு துல்லியமாக வராது. ரிவெர்பின் மிக்ஸை, அதாவது முழக்கம் எவ்வளவு கலக்க வேண்டும் என்பதை, ஏற்றி இறக்க இது போதும், உண்மையில் ரெசிஸ்டர் பெட்டியைவிட அழகாகவே இருக்கிறது. டிலேயின் நேரத்துக்கு ஒத்துவராது. அங்கே எனக்குக் கணக்கு வேண்டும்.

இப்போது அந்தக் கணக்கு.

என் டிலே பெடலில் குதிகால் நிலை, விரல் நிலை என்று இரண்டு எல்லையை நாமே வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் 100 மில்லி செகண்டிலிருந்து 400 வரை வைத்தேன். எல்.எஃப்.ஓ.வை முக்கோண அலையில் விட்டேன். 20 செகண்ட் ஏற்றம், 20 செகண்ட் இறக்கம். சிந்தசைசரில் ஒரே ஒரு ஸ்வரம், ஷட்ஜம், நீளமாகப் பிடித்தேன். எதிரொலி ஷட்ஜமாக வரவில்லை. கீழே இறங்கி வந்தது. 20 செகண்டும் அதே இறக்கத்தில் நின்றது. பிறகு எல்.எஃப்.ஓ. திரும்பிய கணத்தில் சட்டென்று ஷட்ஜத்துக்கு மேலே தாவி, அங்கே 20 செகண்ட் நின்றது.

காரணம் எளிது. டிலேயின் நேரம் நீண்டுகொண்டே போனால் ஒவ்வொரு அலையும் முந்தைய அலையைவிடக் கொஞ்சம் தாமதமாக வருகிறது. அலை விரிகிறது, சுருதி இறங்குகிறது. ரயில் நம்மைத் தாண்டிப் போகும்போது ஹாரன் இறங்குகிற அதே கதை. 20 செகண்டில் 300 மில்லி செகண்ட் நீண்டால் ஒன்றரை சதவீதம். செண்ட் கணக்கில் 26; ஒரு அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்குதான் செண்ட். பிரமாண சுருதி என்று நம் சங்கீதத்தில் சொல்வது 81க்கு 80, அது 21.5 செண்ட். அதைவிடக் கூடுதலாக விலகுகிறது. தம்பூரா பிடித்த காதுக்கு அது பொறுக்காது. முக்கோணத்தை விட்டு சைன் அலைக்கு மாறிப் பார்த்தேன். ஓரங்களில் சுருதி சேர்ந்தது, ஆனால் நடுவில் 40 செண்ட் வரை சறுக்கியது. கமகம் மாதிரி இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. கமகத்துக்குப் போகிற இடமும் திரும்புகிற இடமும் உண்டு. இது யார் கையும் இல்லாமல் வழுக்குகிறது.

பல நாள் மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் 100இலிருந்து 160 வரை மட்டும், முக்கோண அலையில் வைத்தேன். விலகல் 5 செண்ட். ஷட்ஜத்தோடு சேர்ந்து மிக மெல்லிய ஒரு அலைப்பு, சுருதிப்பெட்டியில் இரண்டு நாக்கு கொஞ்சம் ஒட்டாமல் பாடுவது மாதிரி. சுவர்க் கணக்கில் சொன்னால் பதினேழரை மீட்டரில் இருக்கும் சுவர் 28 மீட்டருக்குப் பின்வாங்கி, மறுபடி வருகிறது. 20 செகண்டில் பத்தரை மீட்டர், அதாவது செகண்டுக்கு ஏறக்குறைய அரை மீட்டர். முதல் நாள் வைத்த அளவில் அந்தச் சுவர் செகண்டுக்கு இரண்டரை மீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறது. சுவர் ஓடக் கூடாது. நடக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. எல்லாப் பெடலும் எக்ஸ்ப்ரஷன் வோல்டேஜைத் தொடர்ச்சியாகப் படிப்பதில்லை. உள்ளே 128 படியாக வெட்டிக்கொள்ளும் பெடலில் இவ்வளவு மெதுவான அலை படிக்கட்டாகக் கேட்கும், டிக் டிக் என்று. என்னுடையதில் அது இல்லை. வாங்கும் முன் எக்ஸ்ப்ரஷன் பெடலை மிக மெதுவாக அழுத்திக் கேட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். அதே போல வேகமான எல்.எஃப்.ஓ.வைக் கொடுத்தால் பெரும்பாலான பெடல்கள் அதை மழுப்பிவிடும். கால் எவ்வளவு வேகமாக ஆடும் என்று நினைத்துச் செய்தார்களோ அவ்வளவுக்குத்தான் அவை செவிகொடுக்கும்.

தைப் பொங்கலுக்கு வீட்டுக்கார ஆச்சி வந்திருந்தார்கள். எண்பது தாண்டியவர்கள். நான் போஜன ஹாலில் வாசிப்பது அவர்களுக்குத் தெரியும், அனுமதி கொடுத்ததே அவர்கள்தான். ஆனால் கேட்டதில்லை. சாயங்காலம் இரண்டாங்கட்டிலிருந்து மெதுவாக நடந்து வந்து, தூணோரம் நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

"என்னப்பு, யாரு வாசிக்கிறா? நீ கையக் கட்டிக்கிட்டுல்ல ஒக்காந்திருக்க?"

"ஒரு சுரத்த மட்டும் பிடிச்சு விட்டிருக்கேன் ஆச்சி. மத்தத இந்தப் பெட்டி பாத்துக்கும்."

ஜங்ஷன் பாக்ஸை வாங்கிக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார்கள். சுவர் கணக்கைச் சொன்னேன். எதிர்ச் சுவரைக் காட்டி, அது அங்கே போகிற மாதிரி, பிறகு வருகிற மாதிரி என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒரு முழு ஏற்றமும் ஒரு முழு இறக்கமும் ஆன பிறகுதான் பேசினார்கள்.

"கூட்டம் இருந்தா இந்த ஹால்ல சத்தமே திரும்பாது. பந்தி முடிஞ்சு, எல எடுத்து, எல்லாரும் போன பின்னாடி, நாங்க ரெண்டு மூணு பேரு நின்னு பேசுவோம் பாரு, அப்பத்தான் கேக்கும்."

ரொம்பச் சரி. ஆட்களின் உடம்பும் துணியும் சத்தத்தைக் குடித்துவிடும். வெறும் கல்லும் சுண்ணாம்புப் பூச்சும்தான் திருப்பிக் கொடுக்கும். இத்தனை வருடம் அந்த ஹாலில் உட்கார்ந்து அளந்த எனக்கு இது தோன்றவில்லை. நான் அந்த ஹாலைக் காலியாக மட்டுமே பார்த்தவன்.

மறுநாள் அதற்காகவே ரிவெர்ப் பக்கம் எல்.டி.ஆர். பெட்டியை மாட்டினேன். அதே எல்.எஃப்.ஓ.தான், சிந்தசைசருக்கு வெளியே இரண்டாகப் பிரித்து ஒன்றை இங்கே கொடுத்தேன். சுவர் தூரம் போகப் போக ரிவெர்பின் மிக்ஸ் ஏறும், கிட்டே வரவர இறங்கும். ஒரு எல்லையில் ஹால் நிறைந்திருக்கிறது, இன்னொரு எல்லையில் பந்தி முடிந்திருக்கிறது. ஆச்சி கிளம்பும் முன் கேட்க வந்தார்கள். இந்த முறை உட்காரவில்லை. சத்தம் தூரம் போகத் தொடங்கியதும் அதோடு சேர்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்து நடந்தார்கள். பாதி ஹாலைத் தாண்டியபோது எல்.எஃப்.ஓ. திரும்பியது. நின்று, திரும்பி, அதே நடையில் வந்தார்கள். வெளியே கார்க்காரர் ஹாரன் அடித்தார்.

"இரு, இன்னொரு தடவ போயிட்டு வந்துர்றேன்" என்றார்கள்.